காரணமின்றிக் கடலுக்கு

பங்குனி மாதத்தைப் பின்பனிக் காலத்தோடு சேர்த்து வைத்த பெரியோர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்திருந்தாலும் சரி, விருதுநகர்க்காரர்களாக மட்டும் இருந்திருக்க முடியாது என்பது, இந்த ஊரிலேயே அறுபத்தெட்டுப் பங்குனிகளைக் கழித்துவிட்ட எனது திடமான அபிப்பிராயம். கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, அதன் நடுவே வேப்பமரம் மட்டும் யாரைப் பற்றியும் லட்சியம் செய்யாமல் பூத்துச் சொரிகிற இந்த நாட்களைத்தான் எங்கள் சீமையின் வசந்தம் என்று கொள்ள வேண்டும். காவியங்களில் வருகிற தென்றலும் தடாகமும் எங்களுக்கு இல்லை. பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலும், அக்கினிச் சட்டி ஏந்தி வரும் ஜனத்திரளும், பொருட்காட்சித் திடலின் ராட்டினங்களும், அவை யாவும் ஓய்ந்தபின் ஊர் முழுவதையும் பிடித்துக்கொள்கிற ஒரு விதமான அயர்ச்சியுமே உண்டு.

அந்த அயர்ச்சி நிறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பொங்கலுக்கு வந்திருந்த மைத்துனர் குடும்பத்தை மதுரைப் பக்கம் போகும் வண்டியில் ஏற்றிவிடுவதற்காக நானும் என் மனைவியும், மூட்டை தூக்க ஒத்தாசையாக வந்த எதிர்வீட்டு அம்மாளும் ரயிலடிக்குப் போயிருந்தோம். வண்டி கிளம்பிப் போய், கையசைத்து முடித்து, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான் பாக்கி என்றிருந்த வேளையில், தூத்துக்குடி செல்லும் வண்டி இன்னும் சிறிது நேரத்தில் வரும் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. "இதுல ஏறுனா கடலுக்குப் போயிரலாம்ல மதனி?" என்று எதிர்வீட்டு அம்மாள் சும்மா கேட்டுவைத்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள்; நான் டிக்கெட் கவுண்டரைப் பார்த்தேன்; அங்கே மூன்று பேர்தான் நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டில் உலையில் எதுவும் இல்லை, வாசற்கதவு பூட்டியிருந்தது, பையில் நானூறு ரூபாயும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் இருந்தன. முப்பத்தைந்து வருஷம் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்கும் பாடப் புத்தகத்துக்கும் மெய்ப்புத் திருத்தியே காலம் தள்ளியவனாகிய நான், முன்னேற்பாடு செய்யாமல் எந்தக் காரியத்திலும் இறங்காதவன் என்று பெயர் வாங்கியவன். அந்தப் பெயரை மூன்று டிக்கெட்டுகளுக்கு விற்றுவிட்டு முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினேன்.

எதிர்வீட்டு அம்மாள் ஆமத்தூர்ப் பக்கத்தில் ஒரு 'பயர் ஆபீஸில்' புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிறவர். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் வட்டாரத்தில் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்பதுதான் வழக்கு. மேஜையும் நாற்காலியும் இல்லாத அந்த ஆபீஸ்களில் ஒரு மருந்தறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, பருத்தித் துணியைத் தவிர வேறு உடுத்தக்கூடாது, உள்ளே நுழையுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னூட்டத்தைப் பூமிக்குள் இறக்கிவிட வேண்டும். அப்படி ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்துப் பழகியவர், பெட்டியில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "எங்க ரூம்ல இத்தனை பேர் நின்னா லைசென்ஸே போயிரும் அண்ணாச்சி" என்று சிரித்தார். சாத்தூர் தாண்டும்போது அவரே சொன்னார்: "நான் கடலைப் பார்த்தது மூணே தடவைதான். ரெண்டு தடவை திருச்செந்தூர்ல, பிள்ளைகளுக்கு மொட்டை போட. ஒரு தடவை ராமேஸ்வரத்துல, எங்க அப்பாவுக்குத் திதி கொடுக்க."

இந்த வாக்கியம் என்னை வெகு நேரம் யோசிக்க வைத்தது. இக்கட்டுரை எழுத நேர்ந்ததும் அதனாலேதான். கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், இரண்டு மூன்று மணி நேரப் பிரயாணத்தில் எட்டிவிடக்கூடிய தூரத்தில் வாழ்கிற எங்கள் ஜனங்கள், பிறப்புக்கும் இறப்புக்கும் நேர்த்திக்கடனுக்கும்தான் சமுத்திரத்தைத் தேடிப் போகிறார்களே ஒழிய, அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே போகிற சந்தர்ப்பம் அவர்களுக்கு வாய்ப்பதேயில்லை. தெய்வ காரியத்துக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை; முருகன் பெயரைச் சொல்லியாவது கடற்காற்று வாங்கட்டும். ஆனால் ஒரு காரணத்தைக் கையில் ஏந்தாமல் கடற்கரைக்குப் போவது பணக்காரர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் மட்டும் உரிய பிரத்தியேகமான சலுகை என்பதுபோல நாம் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தி வைத்திருப்பது நியாயந்தானா?

வழியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. தின்பண்டங்களை வைத்தே அந்தப் பாதையை வர்ணித்துவிடலாம் என்பது என் மனைவியின் கட்சி. சாத்தூரில் சேவும் வெள்ளரிப் பிஞ்சும், கோவில்பட்டியில் கடலைமிட்டாயும், கடம்பூரில் போளியும், முடிவில் தூத்துக்குடியில் மக்ரூனும் என்று, உறைப்பில் தொடங்கி இனிப்பில் முடிகிற வரிசை அது. எனக்கோ சாத்தூர் என்றால் நிப்புதான் நினைவுக்கு வரும். அந்த ஊரில் செய்த பேனா முள்ளால் எத்தனை ஆயிரம் ஒற்றுப்பிழைகளைச் சுழித்திருப்பேனோ தெரியாது. மணியாச்சியில் வண்டி நின்றபோது, 1911-ஆம் வருஷம் ஜூன் 17-ஆம் தேதி அங்கே கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதையும், சுட்ட வாஞ்சிநாதன் பெயரையே இன்று அந்த ஸ்டேஷன் தாங்கி நிற்பதையும் எதிர்வீட்டு அம்மாளுக்குச் சொன்னேன். அவர் கவனம் முழுவதும், தூரத்தில் சுழன்றுகொண்டிருந்த காற்றாலைகளின் மேல் இருந்தது.

இந்த இருப்புப்பாதை 1876-இல் மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்தபோது எங்களைக் கடலுக்கு அழைத்துப் போகவேண்டும் என்று எவரும் நினைத்திருக்கமாட்டார்கள். கரிசல் காட்டுப் பருத்தியைத் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதும், இலங்கைக்குப் போகிறவர்களைக் கப்பலடியில் இறக்குவதுமே அப்போதைய உத்தேசம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து இலங்கைப் போக்குவரத்து தனுஷ்கோடிப் பக்கம் திரும்பும் வரையில், கொழும்புக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத் தூத்துக்குடிக்குப் போய்த்தான் கப்பலேறினார்கள். பஞ்சுப் பொதிக்கும் கப்பல் பிரயாணிக்கும் போட்ட பாதையில், காலப்போக்கில், சம்பந்திவீட்டுக்கும் சந்தைக்கும் போகிற சாதாரண ஜனங்களும் இடம்பிடித்துக்கொண்டார்கள். அந்த இடம் அவர்களுக்கு யாரும் மனமுவந்து கொடுத்ததல்ல என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அதுபோலவே, நாங்கள் ஏறிச் சென்ற அந்த ஞாயிற்றுக்கிழமையும் எவரும் மனமுவந்து கொடுத்ததல்ல. தூத்துக்குடி என்றதும் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பலைப் பற்றிப் பேசுகிறோம். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களின் பெயரும் பள்ளிப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதே வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஊக்கம் கொடுத்து, 1908-ஆம் வருஷம் பிப்ரவரி 27-ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்ட கோரிக்கைகளில் ஒன்று வாராந்தர ஓய்வு. சில தினங்களிலே நிர்வாகம் இறங்கி வந்தது. ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் மாதம் 12-ஆம் தேதி வ.உ.சி. கைது செய்யப்பட்டார் என்பதும், அதற்குப் பின் செக்கிழுத்ததும் நாமறிந்த கதை. ஆகவே பயர் ஆபீஸ்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையன்று தூத்துக்குடியில் கால்நீட்டி உட்காருவாரானால், அந்த ஓய்வுக்குப் போராடியவர்களின் ஊரிலேதான் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

ரயிலடியிலிருந்து கேட்டுக் கேட்டு நடந்து, பனிமய மாதா கோயிலைக் கடந்து, பழைய துறைமுகத்து ஓரமாகக் கடலைக் கண்டோம். எதிர்வீட்டு அம்மாளுக்கு முதலில் ஏமாற்றம். "என்ன அண்ணாச்சி, அலையையே காணோம்?" என்றார். திருச்செந்தூரின் கடலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தூத்துக்குடிக் கடல் ஏரிபோலத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள் என்று கணக்கு. அவற்றில் தூத்துக்குடிக்கு நேர் எதிரே கிடப்பவையும், அவற்றைச் சுற்றிய பவளப் பாறைகளும் அலையின் வேகத்தைத் தாங்கிக்கொண்டு கரைக்கு அமைதியைத் தருகின்றன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் விலங்குசல்லி என்ற தீவு நீருக்குள்ளேயே போய்விட்டது. அன்று ஞாயிறாகையால் பரதவர்கள் கடலுக்குப் போகவில்லை. படகுகளெல்லாம் கரையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சோம்பிக் கிடந்தன. இன்னும் சில தினங்களில், ஏப்ரல் 15-ஆம் தேதி முதல் அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பமாகும். விசைப்படகுகளுக்கு அதுவொரு நீண்ட ஞாயிற்றுக்கிழமை, கூலி இல்லாத ஞாயிற்றுக்கிழமை.

மத்தியானத்துக்குப் பின் உப்பளப் பக்கம் போகிற ஒரு பேருந்தில் ஏறி, வெறுமனே போய்த் திரும்பினோம். கண்ணைக் கூசவைக்கும் அந்த வெண்மையையும், தார்ப்பாயும் பனையோலையும் போர்த்திய உப்பு அம்பாரங்களையும் பார்த்துக்கொண்டே வந்த எதிர்வீட்டு அம்மாள், "மழை பேஞ்சா இவங்களுக்கும் வேலை போயிருமே" என்றார். எவ்வளவு நுட்பமான வார்த்தை! குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்த நாட்டில் அதிக உப்பு விளைவது தூத்துக்குடிச் சீமையில். நாட்டுக்கு வேண்டிய பட்டாசில் மிகப் பெரும் பங்கு உருவாவது சிவகாசிச் சீமையில். இரண்டுக்கும் மூலதனம், மழை பொய்க்கும் வானமும் சுட்டெரிக்கும் வெயிலுந்தான். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் நட்டபோது, விவசாயத்துக்கு உதவாத அந்த வறட்சியே குச்சியும் மருந்தும் காய உதவுகிற பாக்கியமாக மாறிற்று. வறுமைக்குக் காரணமான வெயிலையே பிழைப்புக்கும் காரணமாக்கிக்கொண்ட இவ்விரண்டு ஊர் ஜனங்களும், ஒருவரையொருவர் கண்ணால் பார்க்காமலே, இருப்புப்பாதையின் இரண்டு முனைகளில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறி உலகெங்கும் போகிறது. அதன் குச்சிகளைக் கட்டையில் அடுக்கிய பெண் சாத்தூரைத் தாண்டுவதில்லை.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும் என்பதை அறிவேன். பட்டாசுத் தொழிலாளிக்கு இப்போது உல்லாசப் பிரயாணமா முக்கியம், வேலையல்லவா முக்கியம் என்பார்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்த நாளிலிருந்து பல ஆபீஸ்களில் வேலைநாட்கள் சுருங்கியது உண்மை. ஆய்வுக்குப் பயந்து பூட்டிய நாட்கள், விபத்துக்குப் பின் பூட்டிய நாட்கள், மழைக்குப் பூட்டிய நாட்கள் என்று சும்மா இருக்கிற நாட்கள் அவர்களுக்கு வேண்டுமளவு உண்டு. ஆனால் வேலையில்லாத நாள் வேறு, விடுமுறை நாள் வேறு. செய்த உருப்படிக்குத்தான் கூலி என்றிருக்கிறவருக்கு வேலையில்லாத நாள் என்பது வீட்டுக் கூரையைப் பார்த்துக் கடன்கணக்குப் போடுகிற நாள்; அதை ஓய்வு என்று சொல்வது பட்டினியை விரதம் என்று சொல்வதற்கு ஒப்பாகும். முதலிப்பட்டிப் பயர் ஆபீஸில் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி நேர்ந்த வெடிவிபத்து போன்ற கோரங்கள் மனத்தின் ஒரு மூலையில் எப்போதும் புகைந்துகொண்டிருக்க, திங்கள் முதல் சனி வரையில் மூச்சைக்கூட அளந்து விடுகிற ஜனங்களுக்கு, எதையும் அளக்க அவசியமில்லாத ஒரு பகல் வேலைக்கு அடுத்தபடியான தேவை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வேலையோடு சேர்ந்த தேவை என்றுதான் சொல்வேன்.

அந்தத் தேவைக்குச் சர்க்கார் பெரிய திட்டம் ஒன்றும் போடவேண்டாம். நினைத்த மாத்திரத்தில் புறப்படுவதற்கு மனம் மட்டும் இருந்தால் போதாது, வண்டியும் இருக்க வேண்டும் என்பதே என் வாதம். யோசனையில்லாமல் கிளம்புகிற சுதந்திரம் கவிஞர்களின் சுபாவம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது கால அட்டவணையைத் தயாரிக்கிற அதிகாரியின் கையில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1844-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஒவ்வொரு பாதையிலும் நாள்தோறும் ஒரு வண்டியாவது மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படாத கட்டணத்தில், எல்லா ஸ்டேஷன்களிலும் நின்று ஏழைகளை ஏற்றிச் செல்லவேண்டும் என்று ரயில் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தினார்கள். பிரான்ஸில் 1936-இல் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை தந்தபோது கூடவே நூற்றுக்கு நாற்பது குறைத்த ரயில் டிக்கெட்டும் தந்தார்கள். விடுமுறையை மட்டும் கொடுத்துவிட்டு வண்டியைக் கொடுக்காமலிருப்பது, இலையைப் போட்டுவிட்டுச் சோறு போடாமலிருப்பது போன்றது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் நாட்டில் நடந்தது என்ன? 2020-இல் பெருந்தொற்று வந்ததைச் சாக்காகக் கொண்டு பயணிகள் வண்டிகளையெல்லாம் விரைவு வண்டி என்று பெயர் மாற்றி, பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை முப்பது ரூபாயாக்கினார்கள்; நோய் போய் வெகு காலமானபின், 2024 பிப்ரவரியில்தான் அது பழையபடி பத்து ரூபாய்க்கு இறங்கிற்று. நெடுந்தூர வண்டியில் முன்பதிவு செய்ய நூற்றிருபது நாள் அவகாசம் இருந்ததை 2024 நவம்பரிலிருந்து அறுபது நாளாக்கினார்கள். அறுபது நாளுக்கு முன்னால் தன் ஆசை இன்னது என்று தெரிந்து வைத்திருக்கிறவர் வாராந்தரக் கூலிக்காரர்களில் எத்தனை பேர்? மாநில சர்க்காரை எடுத்துக்கொண்டால், 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. விடியல் பயணம் என்ற இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் புகழ்கிறேன், என் தெருவில் அதனால் மிச்சமான பணம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமாக மாறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தச் சலுகை பெண்ணை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுகிறது, சந்தைக்குக் கொண்டுபோய் விடுகிறது. வெளியூர்ப் பேருந்தின் படியருகே வந்ததும் நின்றுவிடுகிறது. டவுன் பஸ்ஸிலேயே மாறி மாறி ஏறிக் கடல்வரை போய்விடலாமா என்று எதிர்வீட்டு அம்மாள் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். போய்ச்சேருவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும் என்று முடிவாயிற்று.

நாலுவழிச் சாலை இருக்கிறதே, காரில் போகலாமே என்று சொல்லுகிற கனவான்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. கார் வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையை இத்தனை தூரம் படித்திருக்கவும் மாட்டார்.

என் யோசனை சிறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், ராஜபாளையத்திலிருந்து சிவகாசி வழியாக விருதுநகர் வந்து, இங்கே எஞ்சினை மறுமுனையில் மாற்றிப் பூட்டவேண்டியிருந்தாலும் பூட்டி, எல்லா நிலையங்களிலும் நின்று, தூத்துக்குடிக்குக் காலையில் போய்ச்சேர்ந்து இரவு எட்டு மணிக்கு மேல் புறப்படுகிற ஒரு பயணிகள் வண்டி. முன்பதிவே இல்லாத பெட்டிகள். போகவர ஒரே டிக்கெட். அதோடு, வாராந்தர ஓய்வு நாளிலாவது வெளியூர்ச் சாதாரணப் பேருந்துக்கும் விடியல் பயணத்தை நீட்டிப்பது. பாதை அண்மையில் இரட்டையாகியிருக்கிறது, மின்மயமாகியிருக்கிறது. இடமில்லை என்ற பழைய சமாதானம் இனிமேல் செல்லாது. இரவு எட்டு மணி என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அன்று மாலை வண்டியைப் பிடிக்கவேண்டுமானால் பொழுது சாயுமுன்னே கடலைவிட்டு எழவேண்டியிருந்தது. அதை விட்டால், முன்பதிவு செய்தவர்களால் நிரம்பிவரும் சென்னை வண்டிதான். காலை முதல் வெயிலைத் தாங்கி உட்கார்ந்திருந்துவிட்டு, காற்று திரும்பி, துறைமுகத்து விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுகிற அந்த நல்ல நேரத்தில் எழுந்து ஓடுவதற்கு எங்கள் மூவரில் எவருக்கும் மனம் வரவில்லை. வண்டியை விட்டுவிட்டோம்.

எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக இரண்டு பேருந்துகள் மாறி, நின்றுகொண்டு பாதி தூரமும் உட்கார்ந்துகொண்டு பாதி தூரமுமாக ஊர் வந்து சேர்ந்தபோது நடுநிசி. மக்ரூன் பொட்டலம் கடற்காற்றில் சற்று நமத்திருந்தது. என் மனைவி அதைத் திறந்துவைக்க, எங்கள் ஊரின் காய்ந்த காற்றில் காலைக்குள் மறுபடியும் மொறுமொறுவென்றாகிவிட்டது. நான் விழிக்கும்போது எதிர்வீட்டு அம்மாளை ஏற்றிச்செல்லும் கம்பெனி வேன் வந்து போய்விட்டிருந்தது. இரவு ஒரு மணிக்குமேல் எதிர்வீட்டுக் குழாயடியில் வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டதே, என்ன விசேஷம் என்று என் மனைவியிடம் விசாரித்தேன். சீலையை இரண்டு தண்ணீரில் அலசி, தலைக்கும் ஊற்றி, நகக்கண் வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாராம். மருந்தறைக்குள் ஒரு மணல் துகள்கூடப் போகக்கூடாது, உராய்ந்தால் தீப்பிடிக்கும்.